துரையின் கோடு வளைந்த இடம்

எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் சில மாதங்களுக்கு முன்பு செம்பாக்கத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். இந்தப் பக்கத்துப் பழைய இடங்களைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்த கட்டுரைகளையெல்லாம் கணினியில் ஏற்றி, ஒவ்வோர் இடத்தையும் வரைபடத்தில் குறிக்கிற வேலை அவர்களுக்கு.

"மேடம், ஒரே துரை இந்தப் பக்கத்துல கரெக்டா அளந்து எழுதறார், அடுத்த பக்கத்துல கதை விடறார். எதை எடுத்துக்கறது, எதை விடறது?" என்று கேட்டார்கள்.

காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அன்று பாதி சொன்னேன். மீதியை எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் வரைவாளராக இருந்தவள். குழி தோண்டும்போது மண்ணுக்குள் என்ன, எங்கே, எந்த ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து தாளில் வரைவது என் வேலை. அப்பா தாம்பரம் ரயில்வேயில் இருந்தார். வீட்டுப் பிளான் போடலாம் என்றுதான் டிப்ளமோ படித்தேன். எழுபதுகளின் கடைசியில், பழைய இடங்களை அகழ்ந்து பார்க்கும் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடம் உடைந்த பானை ஓடுகளைத் தவிர வேறெதையும் வரைய விடவில்லை. ஓட்டின் விளிம்பை வைத்து முழுப் பானையின் வாயை வரையப் பழகினேன். அதன் பிறகுதான் களத்துக்கு அனுப்பினார்கள். அங்கே என் மேலதிகாரி சாமுவேல் சார்.

சாமுவேல் சாரும் தாம்பரத்துக்காரர்தான். மெலிந்த ஆள், உரக்கப் பேச மாட்டார். தாளைத் தொடுமுன் கை கழுவுவார். களக் குறிப்பை மூன்றாகப் பிரித்து எழுதுவார்: பார்த்தது, கேட்டது, நினைத்தது. மூன்றையும் கலக்கக் கூடாது. "வட்டத்துக்கு வடக்கே ஒரு பானை இருக்கு" என்பது பார்த்தது. "இங்கே புதையல் இருக்குன்னு ஊர்ல சொல்றாங்க" என்பது கேட்டது. "இது பெண்ணின் கல்லறையாக இருக்கலாம்" என்பது நினைத்தது. நான் ஒருமுறை இரண்டை ஒரே வரியில் எழுதிவிட்டேன். அவர் திட்டவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நானே புரிந்துகொள்ளும் வரை அது என் மேசையில் கிடந்தது.

எண்பதுகளின் நடுவில் எங்களுக்கு வந்த வேலை பொத்தேரிக்கு மேற்கே ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அங்கே ஒரு பாறைச் சரிவு முழுக்கக் கல்வட்டங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு இறந்தவர்களின் எலும்பைத் தாழியில் வைத்துப் புதைத்து, மேலே பெரிய கற்களை வட்டமாக நட்டு வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிக் கல்லூரிகள் வரத் தொடங்கியிருந்தன. வயல்களில் பிளாட் போட்டு வெள்ளைக் கல் நட ஆரம்பித்திருந்தார்கள். சரிவு காணாமல் போவதற்குள் அளந்து பதிவு செய்துவிட வேண்டும், முடிந்தால் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டும். அதுதான் உத்தரவு.

எங்களுக்கு முன்பே அங்கே ஒருவர் தோண்டியிருந்தார். நூறு வருடத்துக்கு முன் செங்கல்பட்டுப் பக்கம் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரி. வரி வசூலும் வழக்கு விசாரணையும் போக மிஞ்சிய நேரத்தில் குதிரையில் ஊர் ஊராகப் போய்க் கல்வட்டங்களைத் தோண்டி, லண்டனில் இருந்த அறிஞர் சங்கம் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பியவர். அந்தக் கட்டுரையின் நகல்தான் எங்களுக்கு வழிகாட்டி. ஊர்ப் பெயர்களை அவர் எழுதியிருந்த விதத்தைப் படித்தால் எந்த ஊர் என்றே தெரியாது. சத்தமாக நாலு தரம் சொல்லிப் பார்த்தால் ஒரு தரம் பிடிபடும். ஆனால் அவர் அளவு சுத்தம். தோண்டிய குழிகளின் நீள அகலம், கற்களுக்கு இடையே உள்ள தூரம் எல்லாம் என் அளவுநாடாவுக்கு அப்படியே பொருந்தின. அவர் குழிகள் எல்லாம் நேர்கோடு, நாலு மூலையும் செங்கோணம். மண்ணில் வெட்டியதுபோல இல்லை, தாளில் கோடு போட்டதுபோல இருக்கும்.

சாமுவேல் சாருக்கு அந்தத் துரை இன்னும் பணியில் இருக்கும் சக அதிகாரி மாதிரி. காலையில் வேலை தொடங்குமுன் ஆட்களை உட்காரவைத்து, "கோமதி, இன்னிக்கு நம்ம துரை என்ன சொல்றார்? படிம்மா" என்பார். நான் ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பேன். அவர் தமிழில் சொல்லுவார். எங்கே தோண்டப் போகிறோம், எதற்காக என்று வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சரிவின் அடிவாரத்தில் இருந்த காலனிக்காரர்கள்தான் எங்களிடம் கூலிக்கு வந்தார்கள். ஆண்கள் தோண்டுவார்கள், பெண்கள் மண் சுமப்பார்கள். சில நாளில் அவர்களும் துரையோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். "இம்மாம் ஆழம் தோண்டினேன்னு சொல்றாரே, இவரா தோண்டினாரு? எங்க ஆளுங்க தோண்டினாங்க, இவரு குடை புட்சிகினு நின்னாரு" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம்.

ஒரு நாள் காலை நான் படித்த பத்தியில் சிரிப்பு நின்றது. இந்தச் சரிவில் ஆறு வட்டங்களைத் தோண்டியதாகவும், மழை பிடித்துக்கொண்டதால் அதோடு நிறுத்தியதாகவும் துரை எழுதியிருந்தார். பக்கத்துக் குடியிருப்பு மக்களுக்கு இந்த இடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை, இது யாரும் உரிமை கோராத தரிசு, அவர்கள் மனமகிழ்ச்சியோடு கூலிக்கு வந்தார்கள் என்றும் இருந்தது. சாமுவேல் சார் வழக்கம்போலத் தமிழில் சொல்லி முடித்தார்.

பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்த அஞ்சலை கூடையைக் கீழே வைத்தார். நாற்பது வயதிருக்கும்.

"யாரும் கேக்காத பூமியா? அப்போ செத்துப்போன எங்க ஆளுங்கள எங்க வச்சிகினு இருந்தோமாம்?"

சரிவின் கீழ்ப்பகுதிதான் காலனிக்குச் சுடுகாடு; எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். எங்களுக்கும் தெரியும். கல் கிடையாது, கட்டடம் கிடையாது. மண்மேடும், மேலே கவிழ்த்த சட்டியும்தான் அடையாளம். அதுவும் இரண்டு மழையில் கரைந்துவிடும். எங்கள் குழிகள் மேலே இருந்ததால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

"மழையாமே, மழை! துரை மேலருந்து வெட்டிகினே வந்தாராம் சார். ஒரு பொம்பள குழியாண்ட குறுக்க உக்காந்துகினு எழுந்திருக்கவே இல்லையாம். அவ கொயந்தைய அங்கதான் வச்சிருந்தாளாம். அப்பால துரை எடத்த காலி பண்ணிகினு போய்ட்டாராம். எங்க காலனில யார வோணாலும் கேளுங்க."

சாமுவேல் சார் முழுவதையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"இன்னா சார் எழுதினீங்க?"

"நீங்க சொன்னதைத்தான்மா."

"நம்புறீங்களா?"

"கேட்டுக்கிட்டேன். இப்போதைக்கு அவ்வளவுதான்."

அஞ்சலைக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கும் பிடிக்கவில்லை. "நம்புறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

அன்று நாங்கள் படித்ததை இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். சரிவை ஒட்டிய நிலங்களின் சொந்தக்காரர் தேவராஜ். பரம்பரை விவசாயி, ஏரித் தண்ணீர் வராமல் போனபிறகு வயலைப் பிளாட் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குக் குடிதண்ணீர் அவர் கிணற்றிலிருந்துதான் வந்தது. அவ்வப்போது வண்டியை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் நின்று வேடிக்கை பார்ப்பார். அவருடைய பிளாட்டுகளுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே அந்தச் சுடுகாடு கிடந்தது. காலனியிலிருந்து அதற்குப் போகும் பாதையும் அவர் நிலத்தின் ஊடேதான் போனது.

சில வாரத்தில் தாசில்தாரிடம் ஒரு மனு போயிற்று. அந்த இடம் சுடுகாடே அல்ல, தரிசுப் புறம்போக்கு, மனைப்பிரிவுக்கு வழியாக விட வேண்டும் என்று தேவராஜ் கேட்டிருந்தார். ஆதாரமாக, வெள்ளைக்கார அதிகாரியே எழுதியிருக்கிறார் என்று அந்தப் பக்கத்தின் நகலை வக்கீல் இணைத்திருந்தார். எந்த நூலகத்தில் எடுத்தார்களோ தெரியாது.

"நான்தானே படிக்கச் சொன்னேன்" என்றார் சாமுவேல் சார். ஒருமுறைதான் சொன்னார்.

தாசில்தார் எங்கள் அலுவலகத்தின் கருத்தையும் கேட்டு எழுதியிருந்தார். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி களத்துக்கு வந்தார். வெயிலில் நின்றபடியே பேசினார்.

"நம்ம சப்ஜெக்ட் பழைய வட்டம், சாமுவேல். இப்ப புதைக்கறதெல்லாம் ரெவின்யூ மேட்டர். அதையும் ரிப்போர்ட்ல சேர்த்தா நோட்டிஃபிகேஷனே இழுத்துக்கும். மேல்பாதியை மட்டும் காட்டுங்க, வேலி போட்டு முடிச்சிடலாம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேல்பாதி தப்பித்துவிடும். தாமதமானால் அதுவும் போய்விடலாம். சாமுவேல் சார், "ஏழாவது வட்டத்தை முடிச்சிட்டு எழுதறேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஏழாவது வட்டம் சரிவின் நடுவில், சுடுகாடு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே இருந்தது. துரையின் கட்டுரையில் அது தோண்டாத வட்டம். யாரும் தொடாத ஒன்றையாவது முழுதாகப் பார்க்கலாம் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

தோண்டும் முறை இதுதான். வட்டத்தின் நடுவே இரண்டு கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி நாலு கால்பகுதியாகப் பிரிப்போம். எதிரெதிர் பகுதிகளை மட்டும் தோண்டுவோம். இடையில் வரப்பு மாதிரி மண்ணை விட்டுவைப்போம். அந்த வரப்பின் பக்கச்சுவரில் மண் அடுக்குகள் தெரியும். கொத்தனார் கரண்டியால் மெல்லச் சுரண்டி, தண்ணீர் தெளித்தால் நிறம் பிரியும். ஒருமுறை வெட்டி மூடிய மண் எத்தனை வருடமானாலும் பழைய மண்ணோடு முழுதாகச் சேராது. விளிம்பில் ஒரு கோடு நிற்கும்.

அப்படி ஒரு கோடு நின்றது. செம்மண்ணுக்குள் சாம்பல் கலந்த இளகிய மண், நேர் விளிம்பு, தாழி வரை போகாமல் பாதி ஆழத்திலேயே நின்ற அடி. சாமுவேல் சார் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"துரை கைதான்" என்றார். தோண்டவில்லை என்று எழுதியவர் இங்கும் தோண்டியிருக்கிறார்.

குழியின் மேல்தளத்தை வரைய நான் உட்கார்ந்தேன். கயிற்றிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, கோடு தொடும் இடத்தை அளந்து, தாளில் புள்ளி வைக்க வேண்டும். பிறகு புள்ளிகளைச் சேர்த்தால் குழியின் உருவம் வரும். மூன்று பக்கம் ஒழுங்காக வந்தது. கிழக்குப் பக்கம் பாதியில் புள்ளிகள் விலகின. தூக்குக்குண்டு காற்றில் ஆடியிருக்கும் என்று மறுபடி அளந்தேன். அதே இடத்தில் வந்தது. கயிற்றை அவிழ்த்துப் புதிதாகக் கட்டி அளந்தேன். கோடு நேராக வந்து, ஓரிடத்தில் உள்பக்கமாக வளைந்து, எதையோ சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகப் போனது.

தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். சாமுவேல் சார் கை கழுவிக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தார். வளைவுக்கு வெளியே இருந்த மண்ணை அவரே சுரண்டினார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு குழியின் விளிம்பு தெரிந்தது. சின்னக் குழி. கூடை அளவுதான் இருக்கும். துரையின் கோடு அதைத் தொடாமல் ஒதுங்கிப் போயிருந்தது. சின்னக் குழி முன்பே இருந்திருக்கிறது. பார்த்துத்தான் விலகியிருக்கிறார்.

விளிம்பு மண்ணில் ஒரு கண்ணாடி வளையல் துண்டு செருகியிருந்தது. நீல நிறம். அந்த வளைவை வைத்து முழு வளையத்தை என்னால் கணக்கிட முடியும், அதுதானே நான் பழகிய வேலை. கணக்கிட்டேன். இரண்டு விரல்கூட நுழையாத வளையல்.

அஞ்சலை பின்னால் வந்து நின்றிருந்தார். தோண்டிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"இதுக்கு மேல வேண்டாம்" என்றார் சாமுவேல் சார். "வளையலை எடுக்காதே. இருக்கிற இடத்திலேயே வரை."

வரைந்தேன். பென்சில் முனையை இரண்டு தரம் சீவ வேண்டியிருந்தது. அவர் குறிப்பை எடுத்து, முன்பு 'கேட்டது' என்ற தலைப்பில் எழுதியிருந்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'பார்த்தது' என்பதன் கீழ் எழுதினார்: துரையின் குழி ஏழாவது வட்டத்தில் தொடங்கிப் பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது, அதற்கு முன்பே இங்கே கூடை அளவுக் குழி ஒன்று இருந்திருக்கிறது, அதன் விளிம்பில் குழந்தை வளையல் இருக்கிறது, துரையின் குழி அதைத் தவிர்த்திருக்கிறது. குறுக்கே உட்கார்ந்த பெண்ணைப் பற்றி அதில் எழுதவில்லை. அவளை மண்ணில் பார்க்கவில்லை அல்லவா. அஞ்சலையிடமும் அதை அப்படியே சொன்னார்.

"அவ உக்காரலன்னா அவரு எதுக்கு சார் வளைஞ்சாரு?" என்றார் அஞ்சலை.

"அதை நினைத்ததுன்னு எழுதிக்கறேன்மா" என்று எழுதிக்கொண்டார். இந்தத் தடவை அஞ்சலை கோபப்படவில்லை.

அதன் பிறகு சாமுவேல் சார் எனக்கு இட்ட வேலைதான் என் பணிக்காலத்திலேயே கடினமானது. சுடுகாட்டையும் வரைபடத்தில் கொண்டுவர வேண்டும். வட்டங்களுக்குக் கல் உண்டு. இவற்றுக்கு என்ன உண்டு? முக்காலியில் வரைபலகையை நிறுத்தி, அஞ்சலையை முன்னே நடக்கச் சொன்னேன். அவர் ஓரிடத்தில் நின்று, "இது எங்க மாமா, ஏழுமலை" என்பார். நான் அந்தத் திசையில் கோடு இழுத்து, தூரம் அளந்து, பெயர் எழுதுவேன். "இது முனியம்மா. புள்ள பொறக்கறப்போ போய்ட்டா." எனக்கு வெறும் தரையாகத் தெரிந்த இடத்தில் அவர் கால் வைக்காமல் சுற்றிப் போவார். காலனியிலிருந்து வேறு பெண்களும் வந்து, அவரவர் வீட்டு ஆட்களைக் காட்டினார்கள். இரண்டு பேருக்குள் ஓரிடத்தில் சண்டைகூட வந்தது, இது யார் அப்பா என்று. இரண்டு பெயரையும் எழுதிக் கேள்விக்குறி போட்டேன்.

கடைசியில் அஞ்சலை வேலிக்காத்தான் புதர் ஓரமாக நின்றார். "எய்திக்கோம்மா. செல்வி. எம் பொண்ணு." அளவுநாடாவின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

வரைபடம் முடிந்தபோது மேலே எண்கள், கீழே பெயர்கள். மேலிடத்து அதிகாரி பார்த்துவிட்டு, "ஆய்வு வரைபடத்துல எதுக்குப் பேரெல்லாம்? எடுத்துட்டு வேற வரையச் சொல்லுங்க" என்றார். சாமுவேல் சார், "இருக்கறதை வரைஞ்சிருக்காங்க சார்" என்று அதிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

தாசில்தார் நேரில் பார்க்க வந்தார். தேவராஜும் வக்கீலும் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் ஒரு பக்கம்.

"ஐயா, வெள்ளக்காரன் எதுக்குப் பொய் சொல்லப்போறான்? அவனுக்கு இன்னா லாபம்?" என்றார் தேவராஜ்.

"பொய் சொல்லலைங்க. பாதி சொல்லியிருக்கார்" என்ற சாமுவேல் சார், தாசில்தாரைக் குழிக்குக் கூட்டிப்போனார். மண்சுவரில் தண்ணீர் தெளித்துக் காட்டினார். நேர்கோட்டைக் காட்டினார், வளைவைக் காட்டினார், வளையலைக் காட்டினார். துரையின் மற்ற ஆறு குழிகளின் வரைபடங்களையும் வரிசையாக வைத்தார். ஒன்றிலும் கோடு வளையவில்லை.

தாசில்தார் வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு பார்த்தவர் ஏன் சார் எழுதலை?"

"எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லக் கூடாது."

நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். லண்டன் அறிஞர்கள் முன்னால், கூலிக்காரப் பெண் ஒருத்தி தடுத்ததால் நிறுத்தினேன் என்று எழுத அவருக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். அவளுக்காக விலகினார், அது அவருடைய நல்ல மனது. ஆனால் அவள் இருந்ததாக எழுதவில்லை. நூறு வருடம் கழித்து வக்கீல் கைக்கு வந்தது அவர் எழுதியது மட்டும்தான்.

உத்தரவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மேல்பாதி பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டு வேலி வந்தது. கீழ்ப்பகுதி சுடுகாடாகவே பதிவாயிற்று. காலனியிலிருந்து அதற்குப் போகும் பாதை தேவராஜின் மனைப்பிரிவு வழியாகப் போனாலும் அடைக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் தப்பவில்லை. வடக்கு ஓரத்து வட்டங்கள் சில உத்தரவு வருமுன்பே ஒரு பொங்கல் விடுமுறையில் சமன் செய்யப்பட்டிருந்தன. யார் செய்தது என்று கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை. சாமுவேல் சாரைத் தெற்கே ஒரு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வும் தள்ளிப்போயிற்று. வழியனுப்ப எழும்பூர் போனோம். ரயில் கிளம்பும் வரை ஏழாவது வட்டத்தின் மண்ணை எப்படி மூடினோம், இனி தோண்டுகிறவர்களுக்கு அடையாளமாக அடியில் மணல் போட்டோமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் வேலியைப் பார்வையிட அந்த ஊருக்குப் போனேன். மனைப்பிரிவில் வீடுகள் நிறைந்துவிட்டன. கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து கட்டியவர்கள். தெருமுனையில் இரும்புக் கேட் புதிதாக இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் பறைச் சத்தம். காலனியில் ஒரு சாவு. பாடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கேட் பூட்டியிருந்ததால் நின்றிருந்தார்கள். முன்னால் அஞ்சலை, தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டதைக் கண்ணால் மட்டும் காட்டினார்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர். "குழந்தைங்க இருக்கற இடம், வேற வழியா போகட்டும்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் என் பையிலிருந்த உத்தரவு நகலைத் தேடத் தொடங்கினேன். அதற்குள் மொபெட்டில் தேவராஜ் வந்து இறங்கினார். உடம்பு தளர்ந்திருந்தது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கல்லொன்றை எடுத்துப் பூட்டின் மேல் இரண்டு போடு போட்டார். பூட்டு விழுந்தது. கேட்டை அகலத் திறந்து ஓரமாக நின்றார்.

"என்ன சார் இது, நீங்களே இப்படிப் பண்ணா எப்படி? வழி மாத்திக் குடுக்கச் சொல்லி நாங்க மனு போடப்போறோம்" என்றார் ஒருவர்.

"போடுங்க" என்றார் தேவராஜ். "நானும் போட்டுப் பாத்துட்டேன்."

பறை மறுபடி ஒலித்தது. பாடை கேட்டைத் தாண்டிச் சரிவை நோக்கிப் போயிற்று.